அம்மா ஒளித்துத் தின்னவில்லை

நெய்வேலி,
23.11.2025

அன்பு மகள் அகிலாவுக்கு அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை ராஜ்மோகனும் கனடாவில் அந்தக் கால்கரிக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் சுகமாக இருக்க வேண்டும். நான் இங்கே நன்றாக இருக்கிறேன். அம்மாவும் நன்றாக இருக்கிறாள் என்று பழக்கத்தில் கை எழுதப் போய்விட்டது, நிறுத்திக்கொண்டேன். அவள் தேறி வருகிறாள். தேறி வருகிறாள் என்றால் என்ன ஆச்சு என்று உடனே போனை எடுக்காதே கண்ணு, ஆபத்து தாண்டி மூன்று வாரம் ஆகிவிட்டது, இதைக் கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் எடு. தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற மனுஷன் எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைப்பாய். போனில் என்றால் அம்மா பக்கத்திலேயே இருப்பாள், அவள் இல்லாத நேரம் பார்த்துப் பேசினாலும் நான் பாதியில் இங்கே நல்ல மழை, கரண்ட் இல்லை என்று பேச்சை மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். பேப்பரில் எழுதினால் மாற்ற முடியாது. ஞாயிற்றுக்கிழமை, அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா ஒளித்துத் தின்னவில்லை. ஜூலை மாதம் நான் உனக்குப் போன் போட்டு, சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு உன் அம்மா திருட்டுத்தனமாகப் பலாச்சுளை தின்கிறாள், நான் சொன்னால் கேட்பதில்லை, நீயாவது கேள் என்று சொன்னேன். நீயும் கேட்டாய். நாளைக்குக் கண்ணு போச்சு கிட்னி போச்சுன்னா நான் அங்கிருந்து ஓடி வரணுமா, உனக்கு நாக்குதான் பெருசா என்று நீ கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் போனாள். அதற்கப்புறம் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. நாலு மாதமாக அப்படியே கிடக்கிறது. அதற்குக் காரணம் நீயும் இல்லை, அவளும் இல்லை, நான்தான். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் விட்டால் உன் மனசில் அவள் திருடியாகவே இருந்துவிடுவாள்.

நடந்தது இதுதான். அம்மாவுக்குச் சர்க்கரை வந்து நாலு வருஷம். மாத்திரை போட்டாள், காலையில் சுற்றுச்சாலையில் நடந்தாள், சோற்றைப் பாதியாகக் குறைத்தாள், அப்படியும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. நான் மைன்ஸில் நிலக்கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட்டைப் பார்த்தே காலத்தை ஓட்டியவன். பெல்ட்டின் இந்தப் பக்கம் ஏற்றியதற்கும் அந்தப் பக்கம் விழுவதற்கும் வித்தியாசம் வந்தால் நடுவில் எங்கேயோ கோளாறு என்று தேடிக்கொண்டு போவோம். அதே புத்திதான் வீட்டிலும். தட்டில் போடுவது இவ்வளவு கொஞ்சம், ரத்தத்தில் இவ்வளவு ஏறுகிறது, அப்படியானால் நடுவில் எதுவோ உள்ளே போகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். சர்க்கரை டப்பா, வெல்லம், பேரீச்சம்பழம், நீ அனுப்பிய மேப்பிள் பாகு எல்லாவற்றையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஜாம் பாட்டிலில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன், சிரிக்காதே, நிஜமாகவே போட்டேன். அம்மா அதற்கும் சண்டை போடவில்லை. உங்க காப்பிக்குச் சர்க்கரையை நீங்களே எடுத்துக் குடுத்துட்டுப் போயிருங்க, அப்புறம் அதுக்கும் நான்தான்னு ஆயிரும் என்றாள். தினமும் காலையில் ரெண்டு ஸ்பூன் எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டுப் பூட்டினேன்.

அப்புறம் பலாப்பழம். காடாம்புலியூரிலிருந்து வருகிற எங்கள் செக்‌ஷன் ஆள் ஒருத்தர் பாதிப் பழம் கொடுத்தார். உரித்துக் கிண்ணத்தில் போட்டபோது முப்பது சுளை, மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் பத்தோ பன்னிரண்டோதான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் காந்திமதி அப்போது நம் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உனக்கு அவளைத் தெரியாது, இரண்டு வருஷத்துக்கு முன் குடிவந்தார்கள், பண்ருட்டிப் பக்கத்துப் பெண், வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறார். அவளை வைத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்து, வாய்க்கும் ஒரு பூட்டு வாங்கணும் போல என்று கத்தினேன். அம்மா முகம் எப்படியோ ஆகிவிட்டது. காந்திமதி மெதுவாகத்தான் சொன்னாள். அண்ணே, அந்தச் சொளை எங்க வூட்ல இருக்குதுங்க, பசங்களுக்குன்னு அக்காதான் குடுத்தனுப்பிச்சாங்க, கிண்ணம் திருப்பித் தரத்தான் வந்தேன் என்றாள். கையில் நம் வீட்டுக் கிண்ணம் இருந்தது. அகிலா, அவள் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்ட பிறகும், இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டு மூடி மறைக்கிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அன்றைக்குத்தான் உனக்குப் போன் போட்டேன். தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழி இல்லை.

ஆகஸ்டில் வடலூரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நந்தினி என்று ஒரு டயட்டீஷியன், உன் வயசுதான் இருக்கும். நான் உட்காருவதற்கு முன்பே புகார் வாசிக்க ஆரம்பித்தேன், மேடம் இவங்க என்ன சாப்பிடறாங்கன்னு கேளுங்க என்றேன். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்து, என்னன்னு அப்புறம் பார்க்கலாம், எப்ப சாப்பிடறீங்க என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். பதினாலு நாளைக்கு வாயில் எது போனாலும் நேரத்தை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அந்தப் பெண் அனுப்பிவிட்டாள். எழுதுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன், ஷிப்ட் ரிப்போர்ட் எழுதி எழுதித் தேய்ந்த கை இது, கோடு போட்டு, கட்டம் கட்டி, நிமிஷம் முதற்கொண்டு எழுதினேன், இப்போது மாட்டிக்கொள்வாள் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. பதினாலாவது நாள் தாளை எடுத்துப் பார்த்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கான கடைசிக் கட்டத்தில் வரிசையாக 10.50, 11.05, 10.45, 11.20 என்று இறங்கிக்கொண்டு போகிறது. அதில் ஒரு நாள்கூட அவளுடைய நேரம் இல்லை, எல்லாம் என்னுடைய நேரம்.

உனக்குத்தான் தெரியுமே, செகண்ட் ஷிப்ட் என்றால் நான் வீடு வந்து சேரப் பத்தே முக்கால் ஆகும். உனக்கு எட்டு மணிக்குப் போட்டுத் தூங்க வைத்துவிட்டு அம்மா எனக்காக உட்கார்ந்திருப்பாள், நான் வந்து கை கழுவிய பிறகுதான் அவளுக்கும் இலை. நைட் ஷிப்ட் வாரம் என்றால் காலையில் நான் ஏழு மணிக்கு வந்து சாப்பிடும்வரை அவள் வயிறு காயும், அப்புறம் நான் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுத் தூங்கப் போவேன், அவள் உன் டிபன் பாக்ஸ், துணி, சமையல் என்று கிடப்பாள். நான் ஷிப்ட் போட்டது கம்பெனிக்கு, அவள் போட்டது எனக்கு. அதுதான் போகட்டும், ஜெனரல் ஷிப்ட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, ஐந்தரைக்கு வீட்டில் இருக்கிறேன், டீயோடு பஜ்ஜியோ போண்டாவோ தின்றுவிட்டால் எனக்குப் பத்தரை வரை பசிக்காது. என் வயிறு இன்னும் செகண்ட் ஷிப்ட்டிலேயே இருக்கிறது. அவளும் கூடவே இருந்தாள், சர்க்கரை வியாதியோடு, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு.

நந்தினி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு என்னை ஒன்றும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. நம்ம தலைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு சார், அது வெளிச்சத்தைப் பார்த்து ஓடும், கல்லீரல், கணையம், குடல்னு ஒவ்வொண்ணுக்கும் சின்னச் சின்னதா ஒரு கடிகாரம் இருக்கு, அதுங்க சாப்பாட்டு நேரத்தையும் பார்த்து ஓடும், ராத்திரியானா உடம்பு தூங்கறதுக்கான சுரப்பு வந்துரும், அப்ப கணையம் இன்சுலினைக் கம்மியாத்தான் விடும், காலையில சாப்பிட்ட அதே இட்லி ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பிட்டா ரத்தத்துல அதிகமா ஏறும், ரொம்ப நேரம் நிக்கும் என்றாள். வாரத்துக்கு வாரம் நேரத்தை மாற்றினால் எந்தக் கடிகாரமும் எதோடும் ஒத்துப்போகாதாம். இதனால மட்டும்தான் சர்க்கரை வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், வயசு, வம்சம்னு நிறைய இருக்கு, ஆனா இறங்காம இருக்கறதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம் என்றாள். ஷிப்ட் பார்த்தது நான், எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி, ஆனா நைட் முடிஞ்சு வந்து நீங்க தூங்கியிருப்பீங்க, அவங்க தூங்கினாங்களா என்று கேட்டாள். நான் மேஜை மேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போல, நீங்களே சோதித்துப் பாருங்கள் என்றாள். ஒரு நாள் இரண்டு சப்பாத்தியும் பீன்ஸ் பொரியலும் ஏழரைக்குச் சாப்பிடக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்தி மெஷினில் பார்த்தேன், 171. இரண்டு நாள் கழித்து அதே இரண்டு சப்பாத்தி, அதே மாவு, அதே பொரியல், தராசில் நிறுத்தே வைத்தேன், பதினொரு மணிக்குக் கொடுத்துப் பார்த்தால் 243. சாப்பிட்டதிலிருந்து நான் அவள் பக்கத்தை விட்டு நகரவே இல்லை, ஒரு பருக்கை கூடுதலாக உள்ளே போக வழி இல்லை. மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அம்மா, விடுங்க, மெஷின் சில சமயம் தப்பாக் காட்டும் என்றாள். என்னைக் காப்பாற்றப் பார்த்தாள், கண்ணு. அந்த நிமிஷம் நான் எழுந்து போய் பீரோவைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தை மாற்றினேன், மாத்திரை நேரத்தையும் டாக்டரிடம் கேட்டு மாற்றினேன், எல்லாம் செய்தேன், சர்க்கரை டப்பாவை மட்டும் வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் நான் தப்பு என்று என் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று கௌரவம் பார்த்தேன்.

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி என்னோடு வேலை பார்க்கிற கருணாகரனுக்கு ரிட்டயர்மென்ட் விழா. மாலை, சால்வை, போட்டோ என்று நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் கிளம்பும்போதே அம்மாவிடம், எனக்காகக் காத்திருக்காதே, ஏழரைக்குச் சாப்பிட்டுவிடு என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். சொன்னேனே தவிர, அவள் சாப்பிடுவாளா என்று நினைத்துப் பார்க்கவில்லை. ஏழேகாலுக்கு டாக்டர் சொன்னபடி மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். அப்புறம் எனக்காகக் காத்திருந்தாள். எட்டரை மணிக்கு தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்ல வந்த காந்திமதிதான் பார்த்திருக்கிறாள், அம்மா சமையலறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், புடவையெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது, கேட்டதற்கு ஏதோ சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாள். சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்துகொண்டு டப்பாவைத் தேடியிருக்கிறாள். அலமாரி, பரண், பிரிட்ஜ், எங்கேயும் இல்லை. பீரோ பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப் பையில், நான் கருணாகரன் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். காந்திமதி தன் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சர்க்கரை எடுத்துவந்து கரைத்துக் கொடுத்து, வீட்டுக்காரரை விட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லி, எனக்குப் போன் செய்தாள். அண்ணே, அக்காவ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறோம், நீங்க அங்க வந்துடுங்க என்று சொல்லிவிட்டு, வைக்கப் போனவள் வைக்காமல், ஒரு ஸ்பூன் சக்கரை இல்லீங்களேண்ணே உங்க வூட்ல என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். உன்னிடம் நாங்கள் பழனி போயிருந்தோம், சிக்னல் இல்லை என்று சொன்னது பொய். அம்மாவை அப்படிச் சொல்லச் சொன்னது நான்.

இவ்வளவு எழுதிவிட்டேன், இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றிச் சுற்றியே வந்துகொண்டிருக்கிறேன். அம்மா ஏன் எனக்கு முன்னால் சாப்பிட மாட்டாள் என்று நீ சின்ன வயசில் ஒருமுறை கேட்டாய், அவளுக்கு என் மேல் அவ்வளவு பாசம் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். போன வருஷம் நீயும் ராஜ்மோகன் வரட்டும் என்று தட்டை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அம்மா மாதிரியே இருக்கா பாரு என்று போனில் பெருமைப்பட்டேன். அது பாசம் இல்லை அகிலா, பயம். கல்யாணமான முதல் மாதம், செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்தேன். அவளுக்கு இருபத்திரண்டு வயசு, பசி தாங்காமல் எட்டரைக்கே சாப்பிட்டிருக்கிறாள். சாப்பிட்டாச்சா என்று கேட்டேன், ஆச்சுங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, சோறு அப்படியே இருக்கிற தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. எனக்கு முன்னால் சாப்பிடாதே என்று நான் அன்றைக்கும் சொன்னதில்லை, அதற்கப்புறமும் சொன்னதில்லை, சொல்ல அவசியமே வரவில்லை.

போன வியாழக்கிழமை பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டு இதை அவளிடம் சொன்னேன். அன்னைக்கு நான் பண்ணினது தப்பு சந்திரா, மன்னிச்சுக்கோ என்றேன். இவ்வளவு வயசுக்கு மேல் ஒருத்தன் மன்னிப்புக் கேட்டால் அவள் கண் கலங்குவாள், விடுங்க என்பாள் என்று எதிர்பார்த்தேன், அதையும் உன்னிடம் மறைப்பானேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அது உங்களுக்கு ஞாபகம் இருக்குதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன், ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப்போகுதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நானும் மனசுல வெச்சுக்காம இருந்தேன், இத்தனை வருஷமும் தெரிஞ்சேதான் உக்காந்து சாப்பிட்டீங்களா என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

அன்றைக்கு ஏழரைக்குத் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிடுவாள் என்று ஹாலில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. எட்டிப் பார்த்தால் அவளுக்கு மட்டும் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், நிதானமாக, நன்றாக மென்று. இரண்டு மாதமாக டீயோடு எதுவும் தின்னாமல் நானும் ஏழரைக்கே உட்கார்ந்து பழகியதில் எனக்கும் அந்த நேரத்துக்கு நல்ல பசி வந்துவிட்டிருந்தது. உள்ளே போய் உட்காரக் கால் வரவில்லை, அவள் முடித்து எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தேன். இருபது நிமிஷம்கூட இருக்காது, எனக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து மூன்று நாளும் அப்படித்தான், அவள் முதலில், நான் அப்புறம். நேற்றுப் பார்த்தபோது மூன்று மாதச் சர்க்கரை எட்டுக்கு வந்திருக்கிறது. அவள் என்மேல் கோபமாக இருக்கிறாளா, டாக்டர் சொன்னதைக் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கத் தைரியமும் இல்லை, எதுவாக இருந்தாலும் அவள் சாப்பிடுகிறாள், அது போதும்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருத்தருக்கு ஒருத்தர் பட்டினி கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். இது கைக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் செய். நான் எழுதினேன் என்று சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், நீ போன் எடுத்ததும் எப்போதும் அப்பா சாப்பிட்டாரா என்றுதான் அவளிடம் முதலில் கேட்பாய், சின்ன வயசிலிருந்து அப்படித்தான் உன்னைப் பழக்கியிருக்கிறோம். இனிமேல் அதைக் கேட்காதே. நீ சாப்பிட்டியாம்மா என்று கேள். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை, நான் கேட்டால் இப்போது அவள் நம்ப மாட்டாள்.

இப்படிக்கு, வெட்கத்தோடும் ஆசியோடும்,
உன் அப்பா
அய்யாசாமி